ஒற்றை நடைபாதை விமானங்களில் இருக்கையும் இடவசதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து டெல்லி, திருச்சியிலிருந்து சிங்கப்பூர், மதுரையிலிருந்து கொழும்பு, கோவையிலிருந்து சார்ஜா. இந்தப் பாதைகளில் நம்மை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை கொண்ட விமானங்கள்தான். கட்டணத்தை நாலு இணையதளங்களில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அந்தப் பணத்துக்கு நமக்கு எத்தனை சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறது என்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்தெந்த விமானங்கள் இந்த வகையில் வருகின்றன?

ஏர்பஸ் ஏ320 குடும்பம் (ஏ319, ஏ320, ஏ321), போயிங் 737 குடும்பம் இரண்டும்தான் உலகெங்கும் இந்த வகையில் மிகுதி. இவற்றில் நடைபாதைக்கு இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். அடுத்து ஏர்பஸ் ஏ220. இதில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று. பிரேசிலின் எம்ப்ரேயர் விமானங்களிலும் ஏடிஆர் விமானங்களிலும் இருபுறமும் இரண்டிரண்டு. சீனாவின் கோமாக் சி919, 2023 மே மாதத்தில் பயணிகள் சேவைக்கு வந்தது. அதுவும் மும்மூன்று அமைப்புதான்.

ஒரு பக்கம் நான்கு இருக்கைகள் வைத்த ஒற்றை நடைபாதை விமானம் ஏன் இல்லை?

விதி அனுமதிப்பதில்லை. ஒரே நடைபாதை உள்ள விமானத்தில், நடைபாதையின் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று இருக்கைகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வடிவமைப்பு விதி. ஐரோப்பாவிலும் அப்படியே. ஆபத்து நேரத்தில் ஜன்னலோரம் இருப்பவர் இரண்டு பேரைத் தாண்டி வெளியேறலாம், அதற்கு மேல் கூடாது என்பதே இதன் அடிப்படை. ஆகவே வரிசைக்கு ஆறு பேர் என்பதே இந்த வகையின் எல்லை. அதற்கு மேல் ஆள் ஏற்ற வேண்டுமானால் விமானத்தை நீட்ட வேண்டும், அல்லது வரிசைகளை நெருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியில்தான் நம் முழங்கால்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஏ320, 737 இரண்டில் எது வசதியானது?

அகலத்தை மட்டும் கேட்டால் ஏ320. அதன் கேபின் உள் அகலம் 3.70 மீட்டர், 737-இன் உள் அகலம் 3.54 மீட்டர். வித்தியாசம் 16 சென்டிமீட்டர். அதை ஆறு இருக்கைகளுக்கும் நடைபாதைக்கும் பகிர்ந்தால் ஆளுக்குக் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் கூடுதலாக வருகிறது. ஏ320-இல் கைப்பிடிகளுக்கு இடையே வழக்கமாக 18 அங்குலம், அதாவது 45.7 சென்டிமீட்டர். 737-இல் ஏறத்தாழ 17 அங்குலம், 43 சென்டிமீட்டர்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 737 முதன்முதலில் பறந்தது 1967 ஏப்ரலில். ஆனால் அதன் உடல் அகலம் அதற்கும் முந்தையது. 1950-களில் 707 விமானத்துக்காகத் தீர்மானித்த அகலத்தையே போயிங் எடுத்துக்கொண்டது. அதே அச்சில் 727, 737, 757 எல்லாம் வந்தன. அந்தக் காலத்தில் 737-க்குப் போட்டி, வரிசைக்கு ஐந்து பேர் அமரும் டிசி-9. அதற்கு எதிரே ஆறு பேரை அமர்த்தியதே பெரிய சாதனையாக இருந்தது. ஏர்பஸ் ஏ320 பறந்தது இருபது ஆண்டுகள் கழித்து, 1987 பிப்ரவரியில். புதிதாக வரைந்த உடல் என்பதால் கொஞ்சம் அகலமாக வரைய முடிந்தது. கீழே சரக்கறையில் கன்டெய்னர்களை ஏற்றவும் அந்தப் பருமன் உதவியது.

ஓர் அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நடு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பல ஆண்களுக்குத் தோள் அகலம் 45 சென்டிமீட்டருக்கு மேல். இருக்கையின் அகலமோ 43. மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்தால் தோள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஜன்னலோரத்தவர் சுவர்ப்பக்கம் சாயப் பார்ப்பார். ஆனால் அந்தச் சுவர் தலைப்பக்கம் உள்ளே வளைந்து வருவதால் அவருக்கும் முழுச் சாய்வு கிடைக்காது. நடைபாதை ஓரத்தவர் வெளியே ஒதுங்குவார். உணவு வண்டி போகும்போதெல்லாம் அவர் முழங்கை இடிபடும். நடுவில் இருப்பவர் ஒதுங்க இடமே இல்லை. நான்கு மணி நேரப் பயணத்தில் அந்த ஓர் அங்குலம் கழுத்திலும் தோளிலும் தெரிந்துவிடும்.

அப்படியானால் 737 என்றாலே தவிர்த்துவிடலாமா?

வேண்டாம். அகலம் விமானம் தயாரித்தவர் கொடுப்பது. வரிசைகளுக்கு இடையிலான தூரம் விமானத்தை இயக்கும் நிறுவனம் கொடுப்பது. 31 அங்குல இடைவெளியுள்ள 737-க்கும் 28 அங்குல இடைவெளியுள்ள ஏ320-க்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் 737-இல்தான் ஏறுவேன். கால் நீளமானவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. பருமனானவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். அவர்களுக்கு அகலம்தான் முதலில். இன்னொன்றும் உண்டு: ஏ320-இன் கூடுதல் அகலம் முழுவதும் இருக்கைக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறுகலான இருக்கைகளைப் போட்டு, நடைபாதையை அகலமாக்கிக்கொள்ளவும் நிறுவனத்தால் முடியும்.

இருக்கை இடைவெளி அல்லது ‘பிட்ச்’ என்று சொல்வது எதை?

ஓர் இருக்கையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே புள்ளி முன்வரிசை இருக்கையில் எங்கே இருக்கிறதோ அதுவரை அளந்தால் வருவதுதான் பிட்ச். கால் வைக்கும் இடத்தின் அளவு என்று பலர் இதை எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. முன்னிருக்கையின் முதுகுத் தடிமனும் உங்கள் இருக்கையின் ஆழமும் இதற்குள்ளேயே அடங்கும். அவை போக மிஞ்சுவதுதான் உங்கள் முழங்காலுக்கு.

இன்று குறைந்த கட்டண நிறுவனங்களில் 28 முதல் 30 அங்குலம் சாதாரணம். 71 முதல் 76 சென்டிமீட்டர். முழுச் சேவை நிறுவனங்களில் 30 முதல் 32 அங்குலம்.

28 அங்குலத்திலும் மனிதர்கள் உட்கார முடிவதற்குக் காரணம் மெல்லிய இருக்கைகள். பழைய இருக்கையின் முதுகில் கனமான பஞ்சு இருக்கும். முழங்கால் உயரத்தில் ஒரு பை. அதற்குள் பத்திரிகை, பாதுகாப்பு அட்டை, யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில். புதிய இருக்கையில் பஞ்சு மெலிந்துவிட்டது. பையைத் தூக்கி, சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே வைத்துவிட்டார்கள். முழங்கால் படும் இடத்தில் முதுகுப்பலகை உட்குழிந்திருக்கிறது. இந்த மூன்று மாற்றங்களால், அளவு நாடாவில் இரண்டு அங்குலம் குறைந்தாலும் முழங்காலுக்கு முன்பிருந்த இடம் ஏறக்குறைய அப்படியே கிடைக்கிறது. இதை நான் நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். ஆனால் மெல்லிய பஞ்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கத் தொடங்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏற்ற இருக்கையை நாலரை மணி நேரப் பயணத்துக்கும் போடுவதுதான் எனக்கு ஏற்பில்லாதது.

இடைவெளி சுருங்கியதால் சாயும் வசதியும் போய்க்கொண்டிருக்கிறது. அயர்லாந்தின் ரையன்ஏர் இருக்கைகள் சாயவே சாயாது. 28 அங்குலத்தில் முன்னால் இருப்பவர் சாய்ந்தால் பின்னால் இருப்பவரின் மடிக்கணினி மூடிக்கொள்ளும் என்பதால், சாயாத இருக்கையே இரண்டு பேருக்கும் நல்லது என்பது என் கருத்து. நண்பர்கள் பலர் இதை ஏற்பதில்லை.

ஒரே வகை விமானம். ஒன்றில் 154 பேர், இன்னொன்றில் 197 பேர். இது எப்படி?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 737-8 மேக்ஸில் 154 இருக்கைகள் வைத்திருக்கிறது: பிஸினஸ் வகுப்பில் 10, எகானமியில் 144. ரையன்ஏர் 737-8-200 என்ற பதிப்பில் 197 இருக்கைகள் வைத்திருக்கிறது, எல்லாமே எகானமி. இரண்டுக்கும் நீளம் ஒன்றே, 39.5 மீட்டர். அகலமும் ஒன்றே. ஒன்றில் 43 பேர் கூடுதலாகப் பயணம் செய்கிறார்கள். பிஸினஸ் வகுப்பு தின்னும் இடம் ஒரு பங்கு. நெருக்கமான வரிசைகள், சிறுத்துப்போன சமையலறையும் கழிப்பறையும் மீதிப் பங்கு.

நம் பக்கமும் இதே நிலைமைதான். இண்டிகோவின் ஏ320நியோவில் (புதிய எஞ்சின்கள் கொண்ட ஏ320) 180 அல்லது 186 இருக்கைகள். ஏர் இந்தியாவின் மூன்று வகுப்பு ஏ320நியோவில் 164: பிஸினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132.

180 எப்படி 186 ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது வரிசைகள், வரிசைக்கு ஆறு பேர், ஆக 180. ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அங்குலத்தைக் கிள்ளினால் 30 அங்குலம் சேரும். அது முப்பத்தோராவது வரிசை, ஆறு டிக்கெட்டுகள். பின்பக்கச் சமையலறையையும் கழிப்பறைகளையும் ஒன்றோடொன்று பொருத்திச் சுருக்கினாலும் அதே அளவு இடம் கிடைக்கும். ஏர்பஸ் இந்த இரண்டாவது வழியையும் விற்கிறது. நிறுவனம் எந்த வழியில் போனது என்பதை விமானத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் புரிந்துவிடும்: கடைசிச் சுவரையொட்டி இரண்டு கழிப்பறைகளும் அவற்றோடு ஒட்டிய குறுகலான சமையலறையும் இருந்தால், அங்கே இடத்தைப் பிழிந்திருக்கிறார்கள்.

அதிகபட்சம் எத்தனை பேர் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

கதவுகள். 44 இருக்கைகளுக்கு மேல் உள்ள எந்த விமானமும், அவசர வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். எத்தனை கதவுகள், எவ்வளவு பெரியவை என்பதைப் பொறுத்து அந்த விமானத்துக்கு ஓர் உச்ச எண்ணிக்கை கிடைக்கும். 737-800-க்கு 189. ரையன்ஏர் வாங்கும் பதிப்பில் இறக்கைக்குப் பின்னால் கூடுதலாக ஒரு ஜோடி அவசர வழி வைத்து, உச்சத்தை 210 ஆக்கினார்கள். ஏ321நியோவுக்கு 244.

இரண்டாவது வரம்பு பணிப்பெண்களும் பணியாளர்களும். 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்பது விதி. 150 இருக்கைக்கு மூன்று பேர் போதும். 151 ஆனால் நான்கு பேர் வேண்டும். 186, 197 இரண்டுக்கும் நான்கு பேர்தான். 200-ஐத் தாண்டினால் ஐந்தாவது சம்பளம். ஏ320 அளவிலான விமானங்களில் இருக்கை எண்ணிக்கை 200-க்கு உள்ளேயே நிற்பதற்கு இதுவும் காரணம்.

இருக்கை இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

அமெரிக்காவில் இந்தக் கோரிக்கை பல ஆண்டுகளாக நடக்கிறது. 2017-இல் பயணிகள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், சுருங்கும் இருக்கைகளால் வெளியேற்றம் பாதிக்கப்படுமா என்று மறுபடியும் ஆராயும்படி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018-இல் அந்நாட்டு நாடாளுமன்றம், பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொல்லிச் சட்டமே இயற்றியது. நிர்வாகம் ஓக்லஹோமா நகரில் 720 பேரை வைத்துச் சோதனை நடத்தி, இன்றைய இடைவெளிகள் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தவில்லை என்றது. 2022-இல் பொதுமக்களிடம் கருத்தும் கேட்டது.

அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 60 வயதுக்கு உட்பட்ட, உடல்நலம் உள்ள பெரியவர்கள். குழந்தைகள் இல்லை, முதியவர்கள் இல்லை, ஊன்றுகோலோடு நடப்பவர்கள் இல்லை. சார்ஜாவிலிருந்து வரும் ஒரு விமானத்தில் கைக்குழந்தையோடு எத்தனை தாய்மார்கள் இருப்பார்கள், மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் எத்தனை பாட்டிகள் இருப்பார்கள் என்பது அந்தப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும். அவர்களையும் சேர்க்காத சோதனையை முழுமையானதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏ220, எம்ப்ரேயர் விமானங்களைப் பலர் புகழ்கிறார்களே, ஏன்?

புகழ்ச்சிக்கு உரியவைதான். ஏ220-இன் கேபின் அகலம் 3.28 மீட்டர். ஏ320-ஐவிட 42 சென்டிமீட்டர் குறைவு; ஆனால் வரிசைக்கு ஐந்து பேர்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் 18.5 அங்குலம் கிடைக்கிறது. நடு இருக்கைக்கு 19. நடுவில் உட்காருபவருக்குத்தான் சிரமம் அதிகம் என்று உணர்ந்து, அவருக்கு அரை அங்குலம் கூட்டிக் கொடுத்த வடிவமைப்பாளர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஜன்னல்களும் பெரியவை. ஏ220-300-இல் 120 முதல் 160 பேர் வரை போகலாம். கனடாவின் பொம்பார்டியர் ‘சி சீரிஸ்’ என்ற பெயரில் உருவாக்கியது இது. 2016-இல் சுவிஸ் நிறுவனத்தில் சேவை தொடங்கியது. பின்னர் ஏர்பஸ் கைக்கு வந்தது.

எம்ப்ரேயரில் நடு இருக்கையே கிடையாது. கேபின் அகலம் 2.74 மீட்டர், இருக்கை 18 அங்குலத்துக்குச் சற்று மேல். பெங்களூரை மையமாகக் கொண்ட ஸ்டார் ஏர், 76 இருக்கைகள் கொண்ட இ175 விமானங்களை இயக்குகிறது: 12 பிஸினஸ், 64 எகானமி. கணவன் மனைவியாக, அல்லது தாயும் பிள்ளையுமாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. மூன்றாவது ஆள் ஒருவரை எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய் வரலாம்.

தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போகும் சிறிய விமானங்கள் எப்படி?

அவை ஏடிஆர் 72 வகை; ஜெட் அல்ல, சுழல்தகடுகள் (புரொப்பெல்லர்) கொண்டவை. இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கைகள், இருபுறமும் இரண்டிரண்டு. நடு இருக்கை இல்லை என்பது நன்மை. கேபின் அகலம் 2.57 மீட்டர்தான், தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது, பெரிய கைப்பெட்டி அதில் நுழையாது. ஏறுவது பின்கதவு வழியாக. ஆகவே சீக்கிரம் இறங்க விரும்புபவர்கள் பின்வரிசையைக் கேட்க வேண்டும். முன்வரிசையைக் கேட்டால் கடைசியாகத்தான் இறங்குவார்கள். சத்தமும் அதிர்வும் சுழல்தகடுகளுக்கு நேர்பக்கத்தில், அதாவது முன்பகுதியில் அதிகம். அதற்காகவும் பின்வரிசையே நல்லது.

ஏ321 நீளமான விமானம். அதில் இடம் தாராளமாக இருக்குமா?

இருக்காது. ஏ320-இன் நீளம் 37.57 மீட்டர்; ஏ321 44.51 மீட்டர். அகலம் ஒன்றே. கூடிய ஏழு மீட்டரிலும் இருக்கைகளைத்தான் நிரப்புகிறார்கள். இண்டிகோவின் ஏ321நியோவில் 222 அல்லது 232 பேர். இத்தனை பேரும் ஒரே நடைபாதையில் ஏறி இறங்க வேண்டும். பின்வரிசைக்காரர் இறங்கக் காத்திருக்கும் நேரம் நீளும். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முன்பகுதி இருக்கைக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பது தவறில்லை.

ஒற்றை நடைபாதை விமானத்தில் எட்டு மணி நேரம் பறக்கப்போகிறார்களாமே?

ஏற்கெனவே பறக்கிறார்கள். ஏ321எக்ஸ்எல்ஆர் சுமார் 8,700 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனம் மாட்ரிட்–பாஸ்டன் பாதையில் இதைத் தொடங்கியது. 232 பேரை ஏற்றக்கூடிய அதே நீளத்தில் அவர்கள் வைத்திருப்பது 182 இருக்கைகள்தான்; அதில் 14 பிஸினஸ். நீண்ட பயணத்துக்கு நெருக்கம் உதவாது என்று அந்த நிறுவனம் அறிந்திருக்கிறது.

இங்கே உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தக்கட்டு உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் தெரிவித்தது. சாதாரணமானவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் இரு மடங்கானாலும் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், முன்பு இரத்தக்கட்டு வந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். மற்றவர்கள் கணுக்காலை அவ்வப்போது சுழற்றுவதும், மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் போதும். அதற்கு நடைபாதை ஓரமே தோது.

எந்த இருக்கையைத் தேர்ந்தெடுப்பது?

உயரமானவர்களுக்கு அவசர வழி வரிசை. ஏ320-இல் இறக்கைக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு அவசர வழி வரிசைகள் இருக்கும். இரண்டில் பின்னாலுள்ளதைக் கேளுங்கள். முன்னாலுள்ள வரிசையின் முதுகு, பின்னால் வழி அடைபடக் கூடாது என்பதால் பெரும்பாலும் சாயாமல் பூட்டப்பட்டிருக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பிறர் உதவி தேவைப்படுபவர்கள் இங்கே உட்கார அனுமதி இல்லை. கதவைத் திறக்க உதவ ஒப்புக்கொள்பவர்களுக்கே இந்த இடம். கைப்பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள்.

முதல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கும். ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, அகலமும் சற்றுக் குறையும். பருமனானவர்கள் இந்த வரிசையைத் தவிர்ப்பது நல்லது.

ஆட்டத்துக்குப் பயப்படுபவர்களுக்கு இறக்கைக்கு மேலுள்ள வரிசைகள். தூக்கம் வேண்டுபவர்கள் இறக்கைக்கு முன்னால் உட்கார வேண்டும், எஞ்சின் இரைச்சல் அங்கே குறைவு. கடைசி வரிசையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்: கழிப்பறை வரிசை தலைக்கு மேல் நிற்கும், இருக்கையும் பல விமானங்களில் சாயாது.

737-இல் ஜன்னல் இருக்கை எடுப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கம், ஒரு வரிசையில் ஜன்னலே இருக்காது. கீழிருந்து குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறும் இடம் அது. வரிசை எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே ‘ஏ’ இருக்கை எடுக்கும்போது இருக்கை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதன்முறையாக விமானம் ஏறும் பிள்ளைக்கு ஆசை ஆசையாய் ஜன்னல் இருக்கை வாங்கிக் கொடுத்து, அங்கே வெறும் பிளாஸ்டிக் சுவர் இருந்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

பருமனானவர்கள், முதியவர்கள் என்ன கேட்டுப் பெறலாம்?

பெல்ட் எட்டவில்லையென்றால் நீட்டிப்புப் பட்டை எல்லா விமானங்களிலும் இருக்கும். பணியாளரிடம் மெதுவாகச் சொன்னால் கொண்டுவந்து தருவார். வெட்கப்பட ஒன்றுமில்லை. நடைபாதை ஓரக் கைப்பிடியும் பல இருக்கைகளில் உயரும். கைப்பிடியின் அடியில், கீல் பக்கம் ஒரு சிறு பொத்தானோ நெம்போ இருக்கும், அதை அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். மூட்டுவலி உள்ள முதியவர் பக்கவாட்டில் கால்களைத் திருப்பி எழுந்திருக்க இது பெரிய உதவி. ஏறியதும் பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு கைப்பிடிகளும் யாருக்கு?

நடுவில் இருப்பவருக்கு. ஜன்னலோரத்தவருக்குச் சுவரும், நடைபாதை ஓரத்தவருக்கு ஒரு பக்கம் காலியிடமும் இருக்கின்றன. நடுவில் இருப்பவருக்கு அவ்விரண்டும் இல்லை.

பெட்டி வைக்க இடம் கிடைக்காமல் போவது ஏன்?

இருக்கைகள் கூடிய அளவுக்குப் பழைய விமானங்களில் தலைக்கு மேலுள்ள பெட்டிகள் கூடவில்லை. புதிய வடிவங்களில் நிலைமை தேவலை. போயிங்கின் புதிய பெட்டியில் கைப்பெட்டிகளைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கலாம்; நான்கு கொண்ட இடத்தில் ஆறு கொள்ளும். ஏர்பஸ்ஸின் புதிய பெட்டிகளும் அப்படியே. விமானத்துக்குள் நுழைந்ததும் மூடிகளைப் பாருங்கள்; உள்ளே படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். எல்லோரும் நிறுத்தி வைத்தால் எல்லோருக்கும் இடம் இருக்கும். இந்திய உள்நாட்டுப் பயணத்தில் எகானமி வகுப்புக்குப் பொதுவாக 7 கிலோ கைப்பை ஒன்றுதான்.

காது அடைப்பதும் தொண்டை வறள்வதும் எல்லா விமானத்திலும் ஒன்றுதானா?

பெரும்பாலும். கேபினுக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமான நிலைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்; ஊட்டியைவிடச் சற்று உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான் இருக்கும், அதனால்தான் வறட்சி. காற்றின் தூய்மையைப் பற்றிக் கவலை வேண்டாம். நுண்வடிகட்டிகள் வழியாகவும் வெளிக்காற்றோடு கலந்தும் மணிக்கு 20 முறைக்கு மேல் மாறுகிறது. சத்தத்தில்தான் வித்தியாசம் உண்டு: ஏ320நியோ, 737 மேக்ஸ், ஏ220 ஆகியவற்றின் புதிய எஞ்சின்கள் முந்தைய தலைமுறையைவிட நிச்சயமாக அமைதியானவை.

இவ்வகை விமானத்தில் பிஸினஸ் வகுப்புக்குப் பணம் கொடுக்கலாமா?

இரண்டு இருக்கை மட்டும் உள்ள அகன்ற அமைப்பா என்று முதலில் பாருங்கள். இந்திய நிறுவனங்களில் அப்படித்தான். ஐரோப்பாவுக்குள் பறக்கும் பல நிறுவனங்களில் பிஸினஸ் என்பது அதே மூன்று இருக்கை வரிசை. நடு இருக்கையைக் காலியாக விடுவார்கள், அவ்வளவே. இன்னொரு பக்கம், முழுதாகப் படுத்துறங்கும் இருக்கைகளை ஒற்றை நடைபாதை விமானத்தில் வைத்தவர்களும் உண்டு: அமெரிக்காவின் ஜெட்புளூ 2014-லிருந்து ஏ321-இல் வைத்திருக்கிறது, மேலே சொன்ன சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பத்து இருக்கைகளும் படுக்கையாக விரிபவை. மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த பயணத்தில், முழங்கால் இடம்தான் தேவையென்றால், பிஸினஸைவிட அவசர வழி வரிசைக்குக் கூடுதல் கட்டணம் கொடுப்பதே மேல்.

டிக்கெட் எடுக்கும்போதே எந்த விமானம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயண விவரத்தில் விமான வகை போட்டிருக்கும். பல தளங்களில் அது மூன்றெழுத்துக் குறியாக இருக்கும். 320 என்றால் பழைய ஏ320. 32என் என்றால் ஏ320நியோ. 32க்யூ என்றால் ஏ321நியோ. 738 என்றால் 737-800. 7எம்8 என்றால் 737-8 மேக்ஸ். ஏடி7 என்றால் ஏடிஆர் 72. இ75 என்றால் எம்ப்ரேயர் 175. வகை தெரிந்தபின் அதே நிறுவனம் அந்த விமானத்தில் மொத்தம் எத்தனை இருக்கைகள் வைத்திருக்கிறது என்று அதன் இணையதளத்தில் தேடுங்கள். இடைவெளியை வெளிப்படையாகச் சொல்லாத நிறுவனங்கள்கூட இருக்கை எண்ணிக்கையை மறைப்பதில்லை. ஒரே பாதையில், ஒரே வகை விமானத்தில், எல்லாமே எகானமியாக 180 இருக்கைகள் வைத்தவரும் 186 வைத்தவரும் இருந்தால், கட்டண வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால், நான் 180 வைத்தவரிடம்தான் டிக்கெட் எடுப்பேன். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதனால் புறப்படுவதற்கு முந்தைய நாள் இருக்கை வரைபடத்தை இன்னொருமுறை திறந்து, உங்கள் வரிசை அதே இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்கிய அவசர வழி வரிசை இருக்கை மாறியிருந்தால், கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.